டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ்: பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு தம்பிக்காக விண்ணப்பித்தபோது நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். விவரங்கள் 2025 நிலவரப்படி. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் தகவல் கையேட்டை ஒருமுறை பாருங்கள்.

படி 1: பிளஸ் டூவில் கணிதம் இருக்கிறதா?

பி.ஏ. (ஹானர்ஸ்) பொருளியலில் சேர பிளஸ் டூவில் பொருளியல் படித்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. கணிதம்தான் கட்டாயம். தம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பள்ளியில் பொருளியல் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. அவனுக்குத் தகுதி இருந்தது. அதே தெருவில் வணிகவியல் குரூப்பில், கணிதம் இல்லாமல், பொருளியலில் மிக நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்குத் தகுதி இல்லை. அவளிடம் அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் குரூப் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

படி 2: க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) தேர்வில் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது

நாங்கள் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொருளியல் ஹானர்ஸுக்கு நான்கு தாள்களின் மதிப்பெண் பார்க்கப்படும்: ஒரு மொழி, கணிதம், பாடத் தாள்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 250, ஆக மொத்தம் 1000.

விண்ணப்பத்தை ஒரு பிரவுசிங் சென்டரில் நிரப்பினோம். அங்கிருந்தவர் இயற்பியல், வேதியியல், கணிதம், பொதுத் திறன் தேர்வு என்று நான்கைத் தேர்வு செய்துவிட்டார். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. இரவு வீட்டில் கையேட்டைப் புரட்டியபோதுதான் மொழித்தாளே இல்லை என்று தெரிந்தது. பொதுத் திறன் தேர்வு அந்த இடத்தை நிரப்பாது. அப்படியே விட்டிருந்தால் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் பொருளியல் ஹானர்ஸ் பட்டியலில் அவன் பெயர் வந்திருக்காது. திருத்தம் செய்ய அவகாசம் கொடுத்தபோது மாற்றினோம்.

மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு, ஆங்கிலமும் உண்டு. எது உங்களுக்குச் சுலபமோ அதை எடுங்கள். மற்ற இரண்டு பாடங்கள் நீங்கள் பிளஸ் டூவில் படித்தவையாக இருக்கட்டும். இயற்பியல், வேதியியல் தாராளமாகப் போதும்.

அதிகபட்சம் ஐந்து தாள் எழுதலாம். ஐந்தாவதாகப் பொதுத் திறன் தேர்வை எடுப்பதே நல்லது என்பேன். வணிகப் பொருளியல் படிப்புக்கு மொழி, கணிதம், பொதுத் திறன் என்ற மூன்றும்தான் கணக்கு. அந்தக் கதவும் திறந்திருக்கும்.

விண்ணப்பத்தை மொபைலில் நிரப்பாதீர்கள். கம்ப்யூட்டரில் நிரப்பி, உறுதிசெய்யும் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, பேனாவால் ஒவ்வொரு பாடமாக டிக் அடித்துப் பாருங்கள்.

படி 3: தேர்வு

ஒரு தாளுக்கு 50 கேள்விகள், 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். கணிதத்தில்தான் நேரம் போதாது, அதற்கு மட்டும் கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்யுங்கள்.

படி 4: பல்கலைக்கழகத் தளத்தில் தனிப் பதிவு

க்யூட் எழுதியதோடு வேலை முடியவில்லை. டெல்லி பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்து, படிப்பையும் கல்லூரியையும் சேர்த்து விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு விருப்பங்கள் கொடுங்கள். இடம் ஒதுக்கினால் கெடுவுக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டுமென்றாலும் முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு "அப்கிரேடு" கொடுக்க வேண்டும். ஏற்காமல் விட்டால் சுற்றிலிருந்தே வெளியேறிவிடுவீர்கள்.

சேர்ந்த பிறகு

ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளி). மூன்று ஆண்டில் 132 முடித்துப் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காண்டு முழுதும் படித்தால் 176. முதல் செமஸ்டரின் மூன்று முக்கியத் தாள்களில் ஒன்று நுண்பொருளியல். மற்ற இரண்டு கணித முறைகளும் புள்ளியியலும். கணிதம் ஏன் கட்டாயம் என்பது அப்போது புரியும். சேர்க்கைக்குக் காத்திருக்கும் மாதங்களில் வகையிடலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், தம்பிக்கு அது ரொம்பக் கைகொடுத்தது.

பின்சேர்க்கை 1: கணிதம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ. ஹானர்ஸ் பொருளியலுக்குப் பிளஸ் டூ தேர்ச்சி போதும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பி.ஏ. பொருளியலையும் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: சாதிச் சான்றிதழ் பற்றி ஒரு அம்மா எழுதியிருந்தார். நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அங்கே ஏற்க மாட்டார்கள். மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கிரீமி லேயரில் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) வரவில்லை என்று அதில் இருக்க வேண்டும், அந்த ஆண்டு மார்ச் 31க்குப் பிறகு வாங்கியதாகவும் இருக்க வேண்டும். மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், தாசில்தார் கையெழுத்துக்கு நாள் பிடிக்கும்.