உச்சி வெயிலில் சோலார் நிற்கிறதா? ஒரு கொப்பி எடுங்கள்

எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாற் சோலார் ஏறியது 2017இல். அதற்கு முந்தைய செப்டெம்பரில்தான் அரசாங்கம் சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சோலார் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. மாத முடிவில் மிஞ்சும் ஒவ்வொரு யூனிற்றுக்கும் முதல் 7 வருடம் 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15 ரூபாய் 50 சதம் என்று மின்சார சபையோடு ஒப்பந்தம். அந்த ஏழு வருடமும் நான் கூரையை அண்ணாந்தும் பார்க்கவில்லை. காசு வங்கிக்கு வந்தது, போதும் என்றிருந்தேன். 2024இல் 22 பதினைந்தரை ஆனபிறகுதான் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவளுக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடுதான். பார்த்தால் ஓட்டை வேறிடத்தில் இருந்தது. நல்ல வெயில் எறிக்கும் நாட்களில், பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் பெட்டி நின்று நின்று வேலை செய்திருக்கிறது.

போன மாதம் சந்தையில் பழைய மாணவி ஒருத்தி, "ரீச்சர், எங்கட பெட்டியும் அப்படித்தான். என்ன செய்யிறது?" என்று கேட்டாள். மரக்கறிக் கடை வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் மத்தியானம்? இந்த நாட்டில் கூரைச் சோலார் மட்டும் இப்போது ஆயிரம் மெகாவாற்றைத் தாண்டிவிட்டது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் சேர்ந்தே 900தான். ஆனால் நாடு அதிகம் மின்சாரம் கேட்பது மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை. அப்போது எங்கள் தகடுகள் தூங்கிவிடும். மகாவலித் தண்ணீரும் நிலக்கரியும் எண்ணெயும்தான் கைகொடுக்க வேண்டும். மத்தியானம் கதை தலைகீழ். ஒழுங்கையில் பத்து வீட்டில் சோலார், பத்து வீட்டிலும் ஆட்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். எல்லாப் பெட்டியும் ஒரே ட்ரான்ஸ்போமரை நோக்கித் தள்ளினால் கம்பியில் வோல்ற்றேஜ் ஏறத்தான் செய்யும். இங்கே முறைப்படி இருக்க வேண்டியது 230. அதிலிருந்து நூற்றுக்கு 6 கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. பெட்டிக்குள் ஒரு மேல் எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தொட்டதும் அது தன்னைத்தானே நிறுத்தும், சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கும். பெட்டி பழுது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

சரி, கொப்பிக்கு வருவோம். ஒரு வாரத்துக்குத் தினமும் மூன்று தடவை எழுதுங்கள்: காலை எட்டு, மத்தியானம் பன்னிரண்டரை, மாலை ஏழு. எழுத வேண்டியது பெட்டியின் திரையில் தெரியும் வோல்ற்றேஜ், அந்த நேர உற்பத்தி, பெட்டி நின்றிருந்தால் திரையில் காட்டும் பிழை எண். மீற்றரையும் விடாதீர்கள். திரை மாறி மாறி வரும்போது 1.8.0 என்று வந்தால் நீங்கள் சபையிடம் எடுத்தது, 2.8.0 என்றால் கொடுத்தது. தகடு தந்ததில் வீட்டுக்குள்ளேயே முடிந்தது எவ்வளவு என்று மீற்றருக்குத் தெரியாது. அந்த வாரத்துக்குப் பெட்டி காட்டும் மொத்த உற்பத்தியில் இருந்து, அதே வாரத்தில் 2.8.0 ஏறிய அளவைக் கழித்தால் அது கிடைக்கும்.

ஒரு வாரம் எழுதினால், ஞாயிற்றுக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும். ஞாயிறன்று நாடே குறைவாக எடுக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டதே, அதுவும் ஒரு ஞாயிறு முற்பகல்தான். வெயில் மின்சாரம் கூடுதலாகவும் திடீர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் கனத்த சுழலும் இயந்திரங்கள் குறைவாகவும் இருந்த நேரம் என்பதால் அந்த அடியைத் தாங்க முடியவில்லை. அன்று கொளுத்தும் வெயிலில் எங்கள் வீட்டு மின்விசிறியும் நின்றது. பற்றறி இல்லாத சோலார், சபையின் கம்பியில் உயிர் இருந்தால்தான் ஓடும். கம்பியில் உயிர் இல்லாதபோதும் அது ஓடினால், திருத்துவதற்குக் கம்பம் ஏறுகிற பிள்ளைக்கு எங்கள் கூரையே யமனாகிவிடும்.

அப்புறம், பெட்டியில் வாசிக்கும் அதே நேரத்தில் மீற்றரடியிலும் வோல்ற்றேஜைப் பாருங்கள். இதற்கு மட்டும் வயரிங் தெரிந்த தம்பி ஒருவரைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் பெட்டியில் 251, மீற்றரடியில் 243. தெருவில் எல்லாம் எல்லைக்குள். மீதி 8 வோல்ற் எங்கள் வளவுக்குள்ளேயே ஏறியிருக்கிறது! கிணற்றடிப் பக்கத்தால் சுற்றி 40 மீற்றர் வயர். பூட்டியவர் 4 சதுர மில்லிமீற்றர் தடிப்பில் இழுத்திருந்தார். 21 அம்பியர் அதால் ஓடினால் 8 வோல்ற் வராமல் என்ன செய்யும்? 10 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினோம், 3 வோல்ற்றாகக் குறைந்தது. பெட்டி நிற்பதும் பெரும்பாலும் நின்றது. உங்கள் வீட்டில் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால் வயரில் பிழை இல்லை. பெட்டிக்குள் இருக்கும் மேல் எல்லையை உயர்த்திவிடச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். செய்யாதீர்கள், அந்த வோல்ற்றேஜ் உங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கும் அயல் வீட்டுக்கும்தான் போகும்.

வயர் சரியாக இருந்தும் நிற்கிறதா? மத்தியானத்தில் நீங்களே எடுங்கள். தண்ணீர் மோட்டர், உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், இஸ்திரி எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிப் பக்கம் தள்ளுங்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: எங்களுடையதுபோல மிச்சத்துக்குக் காசு தரும் ஒப்பந்தத்தில் மாதக் கடைசியில்தான் கூட்டிக் கழிப்பார்கள். அதனால் மோட்டரை மத்தியானம் போட்டாலும் இரவு போட்டாலும் அந்தக் கணக்கில் வித்தியாசம் வராது. லாபம் வேறு வழியில் வருகிறது. மோட்டர் ஓடும்போது வோல்ற்றேஜ் ஓரிரண்டு இறங்கும், பெட்டி நிற்காமல் ஓடும். இரவு உச்ச நேரத்தில் எண்ணெய் எரித்துச் செய்யும் மின்சாரத்திலும் கொஞ்சம் மிஞ்சும்.

2025 சித்திரை வருடப் பிறப்புக்குத் தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தபோது, பகலில் சோலாரை நிறுத்தி உதவுங்கள் என்று சபையே கேட்டது. அப்படி நிறுத்த வேண்டி வந்தால் ஒழுங்கு முக்கியம். முதலில் வீட்டுப் பக்கத்து ஏசி (ஆடலோட்ட) பிரேக்கர், பிறகுதான் தகட்டுப் பக்கத்து டிசி (நேரோட்ட) ஆளி. மாறிச் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் நேரோட்டத்தை இடையில் வெட்டுகிறீர்கள், பொறி பறக்கும். திரும்பப் போடும் ஒழுங்கைக் கைநூலில் பாருங்கள்.

தகடு கழுவுவதைப் பற்றியும் அந்த மாணவி கேட்டாள். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி, வருடம் முழுக்கக் காகம். விடிய, தகடு சூடேற முதல் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளைப் படை விடும். நான் மழைத் தண்ணீர் பிடித்து வைத்துப் பாவிக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் வானமே கழுவிவிடும்.

இத்தனையும் செய்தும் மீற்றரடியிலேயே 244க்கு மேல் காட்டினால் சபைக்கு அறிவியுங்கள். 1987க்கு அழைக்கலாம், பிரதேச அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுப்பது இன்னும் நல்லது. "அடிக்கடி நிற்கிறது" என்று எழுதினால் யாரால் என்ன செய்ய முடியும்? கணக்கிலக்கம், திகதி, நேரம், வோல்ற்றேஜ் என்று கொப்பியின் ஒரு வாரப் பக்கத்தைப் பிரதி எடுத்து இணையுங்கள். ட்ரான்ஸ்போமரின் டப்பை (வோல்ற்றேஜைக் கூட்டிக் குறைக்கும் படியை) ஒரு படி மாற்றுவதா, ஒரே பேஸில் (தெருவின் மூன்று உயிர்க்கம்பிகளில் ஒன்றில்) குவிந்த வீடுகளைப் பிரித்துப் போடுவதா என்று அவர்கள் தீர்மானிக்க அந்த எண்கள்தான் வேண்டும். முடிந்தால் ஒழுங்கையில் சோலார் உள்ள மற்ற வீட்டாரையும் அதே வாரம் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் நான்கு வீடு சேர்ந்தது. இரண்டு கொப்பியில் மத்தியான எண்ணே இல்லை, அந்த நேரம் வீட்டில் ஆள் இல்லை.