குடியிருந்தபடியே வீட்டைப் புதுப்பித்தல்: பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

வாங்கிய வீட்டின் சாவி கைக்கு வந்த முதல் வாரமே நான் செய்த காரியம், கூடத்தின் நான்கு சுவர்களுக்கும் எனக்குப் பிடித்த நிறத்தைப் பூசியதுதான். ஏழு மாதங்களில் ஒரு சுவரின் கீழ்ப்பகுதி கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து உதிர்ந்தது. எதிர்ச்சுவரில் கூடுதல் மின்இணைப்பு வேண்டியிருந்ததால், நான் பூசிய நிறத்தின் மேலேயே வயர் பதிக்கும் பள்ளமான காடியை வெட்டும்படி ஆயிற்று. ஒரே கூடத்துக்கு இரண்டு முறை செலவழித்த பிறகு, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் அறையாக முடித்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே விளக்குகிறேன். சுவருக்கு எப்படி ரோலர் பிடிப்பது, திருகாணியை எப்படி முடுக்குவது போன்றவற்றை நீங்கள் அறிவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: எதையும் தொடாமல் கவனியுங்கள்

குடியேறிய பின் குறைந்தது ஆறு வாரங்களாவது, ஆபத்தானவற்றைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கங்கள் ஒதுக்கி, காலையில் வெயில் எங்கே விழுகிறது, மாலையில் எந்த மூலை இருட்டாகிறது, எந்தப் பிளக்கிலிருந்து நீட்டிப்பு வயர் இழுக்கிறீர்கள், மழை பெய்த மறுநாள் எந்த இடம் கறுக்கிறது என்பவற்றை எழுதி வாருங்கள். விரிசல்களின் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டால், அது வளர்கிறதா, பழையபடியே நிற்கிறதா என்பது தானாகத் தெரியும். தலைமுடி அளவுள்ள, ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த விரிசல் பெரும்பாலும் பூச்சோடு போய்விடும். நாளுக்கு நாள் நீள்வதோ, ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டி வாய் பிளந்திருப்பதோ கட்டுமானப் பொறியாளர் பார்க்க வேண்டியது. அதன்மேல் பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவுக் கலவை) வைத்து மறைப்பது அறிவுடைமை ஆகாது.

இதே நாட்களில் இன்னொரு சோதனையையும் செய்துவிடுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மீட்டர் இல்லாத வீட்டில், தொட்டிக்கு வரும் நீரை நிறுத்திவிட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தில் அடையாளம் வைத்துப் பார்க்கலாம். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் எண் நகர்ந்தாலோ மட்டம் இறங்கினாலோ, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் இடத்தில் தண்ணீர் போகிறது என்று பொருள்.

இரண்டாம் படி: வரிசையைத் தாளில் எழுதுங்கள்

சுவருக்கு உள்ளே இருப்பது முதலில், சுவர் அடுத்து, தரை அதற்கடுத்து, நிறம் கடைசியில். ஓர் அறைக்குள் கூரை, சுவர், தரை என்று மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். இதில் பலருக்கும் எழும் ஐயம், வீட்டைச் சிறிது சிறிதாகப் புதுப்பிப்பதென்றால் மின்வயரையும் அறை அறையாக மாற்றலாமா என்பது. என் கருத்தில் கூடாது. கண்ணுக்குத் தெரியும் அலங்காரத்தை எத்தனை ஆண்டுகளுக்கு வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். ஆனால் மின்வயர், தண்ணீர்க் குழாய், கசிவுத் தடுப்பு ஆகிய மூன்றையும் வீடு முழுவதற்கும் ஒரே வீச்சில் முடித்துவிடுவதே நல்லது. காடி வெட்டும்போது எழும் தூசு, மூடிய கதவுக்கு அடியிலும் நுழைந்து நீங்கள் ஏற்கெனவே முடித்த அறையை நாசமாக்கும். கையில் பணம் குறைவாக இருந்தால், சுவர்களைப் பூசாமல் அப்படியே விட்டுவிட்டு உள்வேலையை முடியுங்கள். மொட்டைச் சுவரோடு ஓராண்டு வாழ முடியும், நான் வாழ்ந்திருக்கிறேன்.

உள்வேலை முடிந்ததும் முதலில் முழுமையாக்க வேண்டியது, விருந்தினர் பார்க்கும் கூடம் அன்று, நீங்கள் தூங்கும் அறை. மற்ற இடமெல்லாம் சிமென்ட் மூட்டையும் ஏணியுமாகக் கிடக்கும் மாதங்களில், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

மூன்றாம் படி: ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்)

என்னை வீழ்த்திய இடம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சுவர் நனைவதற்கு நான்கு காரணங்கள் உண்டு: கூரையிலிருந்து இறங்கும் மழைநீர், பக்கத்துக் குளியலறையிலிருந்தோ சுவருக்குள் பதித்த குழாயிலிருந்தோ வரும் கசிவு, அடித்தளத்திலிருந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறும் ஈரம், அறைக்காற்றின் ஈரப்பதம் குளிர்ந்த சுவரில் படிந்து நீராவது. தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல்விளிம்பில் வெள்ளை உப்பு பூத்திருக்கும். குழாய்க் கசிவு மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்படாமல் எல்லா நாளும் ஒரே அளவில் இருக்கும். மழைக்குப் பின் மட்டும் விரியும் கறை கூரையிலிருந்தோ வெளிச்சுவர் விரிசலிலிருந்தோ வருவது.

உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. அரை மீட்டர் சதுரத்தில் தெளிவான பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி டேப்பால் சுவரோடு ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுவையுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி திரண்டிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரப்பதம். அதற்கு மருந்து சிமென்ட் அன்று, காற்றோட்டம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் செய்த தவறு, நீர்புகாத பூச்சு என்று விற்கப்படும் ஒன்றை வாங்கி உள்பக்கத்தில் இரண்டு முறை அடித்தது. நீர் வெளியிலிருந்து வரும்போது அந்தப் பூச்சு பயன்படும். பின்னாலிருந்து வரும்போது, வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சுப் படலத்தையே தள்ளுகிறது. நீரோடு வந்த உப்பு படலத்துக்கு அடியில் படிகமாகி, பருத்து, பூச்சைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்துவிடுகிறது. ஆகவே ஊற்றை அடைப்பதே முதல் வேலை. குழாயானால் குழாய், கூரையானால் கூரையின் வாட்டமும் (நீர் வழிந்தோடும் சரிவு) வடிகாலும், அடித்தளமானால் அதற்கென்றே உள்ள ஓதத்தடுப்பு வேலை தெரிந்தவர்.

ஊற்று அடைபட்ட பின், கறை தெரியும் எல்லையிலிருந்து இன்னும் 30 சென்டிமீட்டராவது தள்ளிப் பழைய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டித் துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். அடுத்தது காத்திருத்தல், நான் இரண்டாவது முறை தோற்றது இங்கேதான். கசிவு நின்று மூன்று வாரம் ஆயிற்று, தொட்டால் உலர்ந்திருக்கிறது என்று நம்பிப் பூசினேன். நனைந்த சுவர் 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்ற கணக்கில்தான் உலரும் என்பது கட்டடத் தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. 230 மில்லிமீட்டர் கனமுள்ள செங்கற்சுவர் முழுவதும் ஊறியிருந்தால் அது ஒன்பது மாத விவகாரம். இருபுறமும் காற்றும் வெப்பமும் கிடைத்தால் குறையலாம், ஆனால் மூன்று வாரத்தில் முடியாது. மேற்பரப்பு முதலில் உலர்ந்து நம்மை ஏமாற்றும். பாலித்தீன் தாளை மறுபடியும் ஒட்டிப் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

இங்கே தொடக்கக்காரர்களைக் குழப்பும் ஒரு முரண் இருக்கிறது. இத்தனை நாள் சுவரை உலரவைத்த பின், புதிய சிமென்ட் பூச்சின் மேல் ஒரு வாரம் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். அது சரிதான், சிமென்ட் இறுகுவதற்கு நீர் தேவை, தெளிக்காவிட்டால் பூச்சு மாவாக உதிரும். அந்த நீராட்டு முடிந்து, பூசிய நாளிலிருந்து 28 நாட்கள் கடந்த பிறகே, நிறத்துக்கு அடியில் பூசும் பிரைமரைத் தொட வேண்டும். புதிய சிமென்டின் காரத்தன்மை நிறத்தைத் திட்டுத்திட்டாக வெளுக்கவைக்கும் என்பதால், காரத்தைத் தாங்கும் பிரைமர்தானா என்று டப்பாவில் படித்துப் பாருங்கள்.

பின்னர்ச் சேர்த்தது: பாலித்தீன் தாளின் இருபுறமும் நனைந்திருந்தால் என்ன செய்வது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். முதலில் கசிவைத் தீருங்கள், பிறகு காற்றோட்டத்தைப் பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி நிற்குமானால் ஐந்து சென்டிமீட்டர் முன்னே இழுத்துவையுங்கள். அந்த இடைவெளி இல்லாததே பல வீடுகளில் பூஞ்சைக்குக் காரணம்.

நான்காம் படி: மின்சாரம்

வயர் மாற்றுவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. ஆனால் என்ன வேண்டும் என்று சொல்வது உங்கள் வேலை. எம்.சி.பி. என்பது மின்சாரம் அளவு மீறும்போது தானே துண்டித்து, வயர் சூடாகி எரியாமல் காப்பது. உங்கள் உடலின் வழியாக மின்சாரம் கசிந்து பாய்வதைக் கண்டு துண்டிப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது. ஆர்.சி.சி.பி.யின் மேலுள்ள சோதனைப் பொத்தானைச் சில மாதங்களுக்கு ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

நவீனமாக்குவது என்றவுடன் கைப்பேசியால் இயக்கும் சுவிட்சுகளை வாங்கக் கிளம்பிவிடுகிறோம். அவற்றில் பலவற்றுக்குச் சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) வேண்டும். பழைய வீடுகளில் அது பெரும்பாலும் விளக்கு இருக்கும் இடத்துக்கு மட்டுமே போயிருக்கும். எனவே இப்போது வாங்காவிட்டாலும், ஒவ்வொரு பெட்டிக்கும் நியூட்ரல் இழுத்து, ஆழமான பெட்டியாகவே பதிக்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சி இருக்கும் சுவரிலும் மேசை இருக்கும் சுவரிலும் வெறும் குழாய் ஒன்றை நூலோடு பதித்துவைத்தால், பின்னாளில் எந்தக் கேபிள் வந்தாலும் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

காடிகளை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். என் முதல் படங்கள் பயனற்றுப் போயின. குழாய் இருப்பது தெரிந்தது, மூலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் என்பது தெரியவில்லை. அளவு நாடாவை விரித்துச் சுவரில் பிடித்தபடி எடுத்த படம்தான் துளையிடும் நாளில் காப்பாற்றும்.

ஐந்தாம் படி: குளியலறையும் தரையும்

கசிவுத் தடுப்பு அடித்ததும், வடிகாலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்தின் கூரையைப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட அனுமதிக்காதீர்கள். தரை வாட்டம் வடிகாலை நோக்கி ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ரசமட்டத்தை நம்புவதைவிட ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதையே நான் விரும்புகிறேன்.

மற்ற அறைகளில் பழைய தரையைப் பெயர்க்காமல் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டலாம். ஆனால் முதலில் பழையதை மரக்கட்டையால் தட்டி, வெற்றொலி வரும் கற்களை எடுத்துவிட வேண்டும். தரை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. நான் மறந்தேன், படுக்கையறைக் கதவு திறக்க மறுத்தது, அதன் அடியைச் சீவ வேண்டியிருந்தது.

ஆறாம் படி: பட்டியும் நிறமும்

பழைய பெயின்டைத் தேய்க்கும் முன் ஓர் எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன் பூசிய அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும். அதன் தூசு குழந்தைகளுக்கு மிகவும் கேடானது. ஐயம் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் முதலில் சோதித்துப் பாருங்கள்.

பட்டி பார்த்துத் தேய்த்த சுவர் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி போலத் தெரியும். இரவில் அறையை இருட்டாக்கி, ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் மேடுபள்ளம் எல்லாம் நிழலாக எழுந்துவிடும். அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு மறுநாள் சரிசெய்வேன். கருவிகளில், ரோலர் நடுத்தர விலையில் இருந்தால் போதும். ஆனால் மூலைகளுக்கான இரண்டு அங்குலச் சாய்முனைத் தூரிகையை மட்டும் கடையில் உள்ளவற்றுள் நல்லதாக வாங்குங்கள். மலிவான தூரிகையின் மயிர்களைப் பொறுக்கியே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நிறத்தைச் சிறு அட்டையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், மாதிரி டப்பாவால் ஒரு பெரிய பலகையில் பூசி, அதைச் சுவர் சுவராக நகர்த்தி, இரவு விளக்கிலும் பாருங்கள். 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) விளக்கின் மஞ்சள் ஒளியில் இதமாகத் தோன்றும் சாம்பல்நிறம், 6500 கெல்வின் வெள்ளொளியில் நீலம் கலந்து குளிர்ந்துவிடும். ஆகவே விளக்குகளை முதலில் மாட்டி, நிறத்தைப் பிறகு முடிவு செய்வதே என் வழக்கம். வாங்கும்போது நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் எண் (சி.ஆர்.ஐ.) 90க்கு மேல் உள்ள விளக்கா என்று பாருங்கள்.

பின்னர்ச் சேர்த்தது: அடுத்த ஆண்டு அதே நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒவ்வோர் அறையின் நிறக் குறியீட்டு எண், பூசிய மாதம், டைல்ஸ் பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண் ஆகியவற்றை மின்பலகைக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எஞ்சிய பெயின்டை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, அதே எண்ணை மூடியில் எழுதி, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்; கூடத்தில் நாற்காலி உரசிய இடத்தைச் சென்ற வாரம் அதைக்கொண்டுதான் தொட்டுச் சரிசெய்தேன்.