‘ங்க’ போடாத இரக்கம்

கொங்கு நாட்டில் பத்து வயசுப் பையனைக்கூட ‘வாங்க கண்ணு’ என்றுதான் கூப்பிடுவோம். ஜார்க்கண்டிலிருந்தோ பீகாரிலிருந்தோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்தவர் என்றால் மட்டும் அந்த ‘ங்க’ காணாமல் போய்விடும். ‘டேய், இங்க வா’ என்றபடியே கிறிஸ்துமஸ் பிரியாணிப் பொட்டலத்தை நீட்டுகிறோம். (உள்ளூரிலேயே சில தெருக்களுக்கு அந்த ‘ங்க’ இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எந்தச் சபைக்கும் தெரியாததல்ல.) இல்லாதவர்களுக்கு உதவுவதில் கிறிஸ்தவச் சபையார் நாம் செய்யும் முதல் தவறு இதுதான் என்பேன்.

போட்டோ பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறது வேதாகமத்தில் மத்தேயு 6. நம்மிடமோ வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் எடுத்த பிறகுதான் பொட்டலமே கை மாறுகிறது. அந்தப் பொட்டலத்துக்குள் சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தைச் செருகுவதும் சரியில்லை. பசியோடு வந்தவர் சோற்றுக்கு விலையாக நம் பிரசங்கத்தைக் கேட்க வேண்டுமா?

லூக்கா 10-இல் வரும் சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனிடம் எந்த ஊர், எந்த ஜனம் என்று கேட்டதாக ஒரு வரியும் இல்லை. அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். ஒரு பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான். நாம் அப்படித் திரும்பிப் போவதில்லை. டிசம்பரில் போர்வை கொடுத்தால், அந்த லைன் வீட்டுப் பக்கம் மறுபடி போவது அடுத்த டிசம்பரில்தான். அவர்களிடம் கேட்டிருந்தால், போர்வை இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து தமிழில் பேச ஓர் ஆள்தான் வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள்.

சாலை விபத்தைக் கண்டும் ‘போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்க’ என்று நிற்காமல் போவது பழைய பயம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவியவரைப் பாதுகாக்கிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரம்புக்கு உட்பட்டு, வெளிமாநிலத்தவருக்கும் இலவசம். ஆனால் சமாரியன் ‘சுயவாகனத்தில்’ ஏற்றினானே என்று, கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை மடக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கூலியில் நடக்கிறது. கூலிக்காரன் சொந்த ஜனமானாலும் அந்நியனானாலும் பொழுது சாயும் முன் கூலியைக் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. சனிக்கிழமைக் கூலியில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘முழுசாக் கொடுத்தா ஊருக்கு ஓடிடுவானுங்க’ என்று காரணமும் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏழைகள் நிதிக்குத் தாராளமாகப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது யார் வீட்டுப் பணம்?

வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் என்பதும் அதே அதிகாரம்தான். கடலைக்காய் பிடுங்கிய காட்டில் விடுபட்டதைப் பொறுக்க விடுகிற நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொறுக்குகிறவர் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. படத்துக்கு நிற்கவும் வேண்டாம்.

ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஒரு கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு, துவைத்த சட்டையோடு இரண்டு பையன்கள் வந்தார்கள். வாசலில் நின்ற பெரியவர், ‘பொட்டலம் மத்தியானம்தான்’ என்று சாடை காட்டி அனுப்பிவிட்டார். ஒருவன் கையில் இந்தி வேதாகமம் இருந்தது.