கீலெஸ் பெடல் ஸ்டீல் கிட்டார்: ஸ்வரம் தெரிந்தவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

வாய்ப்பாட்டோ வயலினோ கொஞ்சம் கற்றிருப்பீர்கள். எங்கோ ஓர் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டில், சொல்லுக்குச் சொல் வழுக்கி ஏறி இறங்கும் ஓர் ஓசையைக் கேட்டு, இது என்ன கருவி என்று தேடியிருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. மேற்கத்திய கார்ட் ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ச ரி க ம தெரிந்தால் போதும். சொல்லப்போனால் அதுவே இங்கே கூடுதல் வசதி.

கருவியை முதலில் தெரிந்துகொள்வோம். கால்கள் பொருத்திய சிறிய மேசை போல உங்கள் முன்னால் நிற்கும். அதன் மேல் பத்துத் தந்திகள். இடக்கையில் உருளையான இரும்பு பார், வலக்கையில் நகப்பூண்கள். கீழே பெடல்களும், முழங்காலால் தள்ளும் லீவர்களும். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட தந்திகளின் சுருதி மட்டும் ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். 1954இல் வெளிவந்த கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஓர் இசைத்தட்டில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தார். அதன் பிறகு அமெரிக்க ஸ்டீல் கலைஞர்கள் பலர் பெடலுக்குப் பின்னால் போனார்கள்.

சரி, கீலெஸ் என்றால்? சாதாரண பெடல் ஸ்டீலின் இடது முனையில் கிட்டாருக்கு இருப்பதைப் போல முறுக்கும் கீகள் கொண்ட தலை நீட்டிக்கொண்டிருக்கும். கீலெஸ்ஸில் அந்தத் தலை கிடையாது. நட்டை, அதாவது இடது முனையில் தந்திகளைத் தாங்கும் கட்டையைத் தாண்டியதும் தந்தி ஒரு கிளாம்ப்பில் பிடிபட்டு முடிந்துவிடும். சுருதியை ஆலன் கீயாலோ சிறு திருகாலோ கூட்டிக் குறைக்கலாம்.

இதில் என்ன பெரிய லாபம்? நீளம் குறைவது கண்ணுக்குத் தெரிகிற லாபம். விரும்பி வாசிப்பவர்கள் சொல்லும் காரணம் வேறு. பெடல் ஒரு தந்தியை இழுக்கும்போது நாம் வாசிக்கும் பகுதி மட்டும் இழுபடுவதில்லை, நட்டுக்கு அப்பால் கீ வரை போகும் துண்டும் சேர்ந்தே இழுபடுகிறது. அந்தத் துண்டு நீளமானால் பெடலும் அதிக தூரம் போகவேண்டும். தலையுள்ள கருவியில் ஐந்தாம், ஆறாம் தந்திகள்தான் ஆகக் கடைசிக் கீகளுக்குப் போகின்றன. அதிகம் மிதிபடும் இரண்டு பெடல்களும் இழுப்பது அதே இரண்டு தந்திகளை! கீலெஸ்ஸில் பத்துத் தந்திக்கும் அப்பால் உள்ள துண்டு குட்டையாக, ஒரே அளவாக இருக்கும். மிதி தூரம் குறையும். பெடலை விட்டதும் தந்தி தன் இடத்துக்குச் சுத்தமாகத் திரும்பும்.

குறையும் உண்டு. கிளாம்ப் உடைந்தால் கிட்டார் கடைக் கீயை வாங்கிப் போட்டுச் சமாளிக்க முடியாது, செய்தவரிடம்தான் கேட்கவேண்டும். பெடலை மிதிக்கும்போது உடல் லேசாக வளைந்து மற்றத் தந்திகளின் சுருதி இறங்கும் தொல்லையையும் கீலெஸ் தீர்க்காது; அது உடலின் உறுதியைப் பொறுத்தது. தலை இல்லாமல் கருவி மொட்டையாகத் தெரிகிறது என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

படி 1: எதை வாங்குவது

ஒற்றைக் கழுத்து, பத்துத் தந்தி, ஈ9 ட்யூனிங் (தந்திகளைச் சுருதி சேர்க்கும் ஒரு முறை, படி 4இல் வரும்), மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர். இதற்குக் குறைந்தது வேண்டாம், கூடினது இப்போதைக்குத் தேவையில்லை. இரட்டைக் கழுத்து, கொழும்பு வெள்ளவத்தை மாடி வீட்டின் லிஃப்ட்டுக்குள்ளேயே உங்களை அலுக்கவைக்கும். சியரா, க்ளைன், ஜி.எஃப்.ஐ, ஜப்பானின் எக்செல் ஆகியவை கீலெஸ் செய்த பெயர்கள். ஜி.எஃப்.ஐயைத் தொடங்கிய ஜீன் ஃபீல்ட்ஸ் அதற்கு முன் ஃபெண்டரில் கருவிகளை வடிவமைத்தவர்.

பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பழையதாகத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். விற்பவரிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். சேஞ்சர் (வலது முனையில் தந்திகளை இழுக்கும் பொறி) 'ஆல்-புல்' வகையா, அதாவது ஏற்றுவதும் இறக்குவதும் இழுப்பதால்தானா? நட்டில் உள்ள பத்து ரோலர்களும் தடையின்றிச் சுழல்கின்றனவா? ஆலன் கீகளும் உபரிக் கிளாம்ப் ஒன்றும் சேர்ந்து வருமா? பெடல்கள் எம்மன்ஸ் வரிசையா, டே வரிசையா? பெடல்களுக்கு ஏ, பி, சி என்று பெயர். ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸின் வரிசையில் ஏ பெடல் இடக்கோடியில் இருக்கும், இன்னொரு கலைஞர் ஜிம்மி டேயின் வரிசை அதற்குத் தலைகீழ். இரண்டும் நல்லவை, ஒன்றில் பழகினால் மற்றதற்கு மாறுவது கடினம். பாடங்களில் அதிகம் காண்பது எம்மன்ஸ்தான்.

அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் முதலிலேயே விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

படி 2: நிறுத்துவது

பெட்டியைத் திறந்தால் கருவி குப்புறக் கிடக்கும். அப்படியே விட்டு, கால்களைத் திருகிப் பொருத்துங்கள். முன் கால்களில் பெடல் பட்டையை மாட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொளுவுங்கள். எந்தக் கம்பி எந்தப் பெடலுக்கு என்று நிறநாடா சுற்றி வைத்தால் அடுத்த தடவை யோசிக்கவேண்டாம். பிறகு நிமிர்த்துங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி அவசியம். தொடைக்கும் லீவருக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கவேண்டும். மூச்சுவிட்டாலே லீவரில் இடித்தால் நாற்காலி உயரம்.

இடது கால் பெடல்களில், வலது கால் வால்யூம் பெடலில். ஆம்ப் 230 வோல்ட்டா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். அமெரிக்க ஆம்ப் என்றால் மின்மாற்றி இல்லாமல் தொடவே வேண்டாம். சுத்தமான ஒலி தரும் கீபோர்ட் ஆம்ப் இருந்தால் ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

படி 3: தந்தி

உங்களுக்கு மிகத் தூரத்தில் இருப்பது ஒன்றாம் தந்தி, மடிக்குப் பக்கத்தில் பத்தாவது. வழக்கமான தடிப்பு ஒன்றிலிருந்து பத்து வரை, அங்குலத்தில்: .013, .015, .011, .014, .017, .020, .026, .030, .034, .038.

பெடல் ஸ்டீல் செட் உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால் கலங்கவேண்டாம். சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரின் 10–46 செட்டிலேயே .013, .017, .026 உண்டு: அதாவது ஒன்று, ஐந்து, ஏழாம் தந்திகள். .011இல் தொடங்கும் செட்டுகள் பலவற்றில் .011, .014, .038 மூன்றும் இருக்கும்: மூன்று, நான்கு, பத்து. ஆக, இரண்டு செட் வாங்கினால் ஆறு தந்தி சரி. மீதி நான்கைத் தனித் தந்தியாக வாங்கலாம். மூன்றாம் தந்திதான் அடிக்கடி அறும், ஆகவே .011 நாலைந்து உபரியாகக் கையில் இருக்கட்டும்.

கட்டும் முறை இது. குமிழ் முனையை சேஞ்சர் விரலின் கொக்கியில் மாட்டி, தந்தியை ரோலர் மேலாகக் கொண்டுபோய்க் கிளாம்ப்புக்குள் விடுங்கள். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: கிளாம்ப்பை இறுக்கும் முன் சுருதித் திருகை ஏறத்தாழ முழுவதும் தளர்த்திவிடுங்கள். அந்தத் திருகு போகக்கூடிய தூரம் கொஞ்சம்தான். நடுவில் வைத்துக் கட்டினால் புதுத் தந்தி நீண்டு தளரும்போது முறுக்க இடமிருக்காது. தந்தியைக் கையால் நன்றாக இழுத்துப் பிடித்தபடி இறுக்கி, மிச்சத்தை வெட்டுங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றவேண்டாம்.

படி 4: சுருதி சேர்ப்பது

ஈ என்பது நமக்கு மூன்று கட்டை. அதையே ஷட்ஜமாக வைத்தால் ஈ9 ட்யூனிங் இப்படி வரும்:

1 – ரி2 (மேல்)
2 – நி3
3 – க3 (மேல்)
4 – ச (மேல்)
5 – ப
6 – க3
7 – ரி2
8 – ச
9 – நி2 (கீழ்)
10 – ப (கீழ்)

முதல் இரண்டு தந்திகள் வரிசை தப்பி நிற்பதைப் பாருங்கள். எம்மன்ஸ் 1960களின் தொடக்கத்தில் சேர்த்தவை அவை. அவற்றின் பயன் அடுத்த படியில் தெரியும்.

ச, ப தந்திகளை ட்யூனர் காட்டியபடி வையுங்கள். காந்தாரத்தை அப்படி வைக்கக்கூடாது. ட்யூனர் காட்டுவது பியானோவின் சமப்படுத்திய காந்தாரம்; தம்பூராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரத்தைவிட அது ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). மூன்றாம், ஆறாம் தந்திகளை அந்த அளவு இறக்கினால் ச-க-ப சேர்ந்து ஒலிக்கும்போது அதிர்வு அடங்கிவிடும். கன்ட்ரி கலைஞர்களும் இதையேதான் செய்கிறார்கள். தம்பூராவுக்குப் பழகிய காது இருந்தால் ட்யூனரைப் பார்க்கவே வேண்டியதில்லை.

திறந்த தந்திகளைக் கிளாம்ப் முனையில் சேர்த்து முடித்தபின்தான் பெடல்களுக்குப் போகவேண்டும். பெடலை முழுதாக மிதித்துப் பிடித்தபடி, வலது முனையில் தெரியும் நைலான் நட்டைத் (இது மரை, தந்தியைத் தாங்கும் நட்டு அல்ல) திருப்புங்கள். ஏ பெடல் ஐந்தையும் பத்தையும் ப-விலிருந்து த2-க்கு ஏற்றும். பி பெடல் மூன்றையும் ஆறையும் க3-லிருந்து ம1-க்கு ஏற்றும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் ஒருபோதும் சுருதி நிற்காது.

படி 5: பாரே இல்லாமல் முதல் வரிசை

பெரும்பாலான பாடங்கள் கார்டில் தொடங்கும். நாம் மோகனத்தில் தொடங்கலாம். பாரைக் கீழே வையுங்கள். வலக்கைக் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டிக் பூண், அடுத்த இரண்டு விரலிலும் உலோகப் பூண். தந்தி 8, 7, 6, 5, அப்புறம் ஐந்தைத் தட்டி ஏ பெடல், பிறகு 4. ச ரி க ப த ச முடிந்தது.

இதற்கு நடுவே இன்னும் இரண்டைச் சேர்த்தால் சங்கராபரணம்: 8, 7, 6, ஆறில் பி பெடல், 5, ஐந்தில் ஏ பெடல், 2, 4. வரிசை தப்பி நின்ற இரண்டாம் தந்தி, நிஷாதமாக வந்து உட்காருவது இங்கேதான். அந்தத் தந்தியை அரை ஸ்வரம் இறக்கும் முழங்கால் லீவரைத் தள்ளினால் நி2, அதாவது ஹரிகாம்போதி. பல கருவிகளில் அந்த லீவர் பாதி வழியில் ஒரு சின்னத் தடங்கலைக் காட்டும், அங்கே நிறுத்துங்கள்.

ஒரு தந்தியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முந்தையதை உள்ளங்கை ஓரத்தால் அடக்கவேண்டும். இல்லாவிட்டால் எல்லா ஸ்வரமும் கலந்து குழம்பும். அலுப்பான பயிற்சிதான், ஆனால் இதைத் தாண்டி வேறு வழி கிடையாது.

படி 6: பார்

இனிமேல் பாரை எடுக்கலாம். தந்தியை அழுத்தக்கூடாது, மேலே வைத்தால் போதும். பாரின் நடு, ஃபிரெட் கோட்டுக்கு நேர் மேலே வரவேண்டும். கிட்டார்போலக் கோட்டுக்குப் பின்னால் அல்ல. மோதிர விரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் தந்தியைத் தொட்டபடி இருக்கட்டும், இல்லையென்றால் அங்கிருந்து ஒரு இரைச்சல் வரும்.

எட்டாம் கோட்டில் வைத்தால் ஒரு கட்டை. மூன்றாம் கோட்டில் ஐந்து கட்டை, நான்காவதில் ஐந்தரை. மேலே வாசித்த அதே வரிசைகளை அந்தக் கோட்டில் பாரை அசைக்காமல் வாசியுங்கள். பாடுகிறவரின் சுருதிக்கு மாறுவது இவ்வளவுதான்.

கமகம் எப்படி என்று உடனே கேட்பீர்கள். பெடலால் ஆட்ட ஆசை வரும். பெடலுக்குக் கீழும் மேலும் எல்லை நிலையானது: க-விலிருந்து ம, ப-விலிருந்து த, அவ்வளவுதான். அந்த இரண்டு வழுக்கலுக்கும் அது அருமை. எல்லை தாண்டியோ எல்லைக்குள் நுணுக்கமாகவோ ஆடவேண்டிய இடத்தில் பார்தான் பேசவேண்டும். விஸ்வ மோகன் பட் தன் மோகன வீணையில் பெடலே இல்லாமல் ஹிந்துஸ்தானி ராகங்களை வாசிப்பதைக் கேட்டால், பார் எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும்.

கார்டும் கொஞ்சம் தெரியட்டும். ஐந்தாம் கோட்டில் 4, 5, 6 தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஏ மேஜர். அங்கேயே இரண்டு பெடலையும் மிதித்தால் டி. மிதித்தபடி ஏழாம் கோட்டுக்கு நகர்ந்தால் ஈ. இந்த மூன்றோடு ஏராளமான கன்ட்ரி பாட்டுகளுக்கும் தேவாலயப் பாடல்களுக்கும் பின்னணி வாசிக்கலாம். கொட்டாஞ்சேனைப் பக்கம் பாடகர் குழுவோடு கிட்டார் வாசிப்பவர்கள் ராபர்ட் ராண்டால்ஃபைத் தேடிக் கேளுங்கள். அவர் தேவாலயத்தில் ஸ்டீல் வாசித்து வளர்ந்தவர்.

படி 7: கொழும்பில் பராமரிப்பு

கடற்காற்றுக்குச் சாதாரணத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய தந்தியில் பார் கரகரக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். சேஞ்சருக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, எப்போதாவது. ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால் உலோகம் வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து பிறகு சுருதி சேருங்கள். கீலெஸ்ஸும் இதற்கு விலக்கல்ல.

கொண்டுபோவதற்கு ஓட்டோவின் பின் இருக்கை போதும். பெட்டியைக் குறுக்காக வைத்து நீங்கள் ஓரமாக உட்காரலாம். வால்யூம் பெடலையும் பாரையும் மட்டும் தனிப் பையில் போடுங்கள். பார் கனமான இரும்பு, பெட்டிக்குள் உருண்டால் முதலில் அடிபடுவது ரோலர்கள்தான்.