அலுமினியம் பிளாக்கை எவ்வளவு போர் அடிக்கலாம்? பட்டறையில் தினமும் பார்க்கும் தவறுகள்

வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு சம்மாந்துறையிலிருந்து ஒரு காக்கா, ஓட்டோவின் பின்சீட்டில் சாக்கு விரித்து ஒரு எஞ்சின் பிளாக்கை எங்கள் கல்முனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். டொயோட்டா 121 கொரோலா காருடையது. இறக்கி வைக்கும் முன்பே கேட்டுவிட்டார்: "தம்பி, இது எத்தனை வரைக்கும் போர் அடிக்கலாம்? நாற்பது போகுமா?"

போர் அடிப்பது என்றால், தேய்ந்த சிலிண்டர் துளையை வெட்டிப் பெருப்பிப்பது. நாற்பது என்றால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு, ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். இந்தக் கணக்கு இரும்புப் பிளாக் காலத்திலிருந்து வருகிறது. முதலில் பத்து, அப்புறம் இருபது, முப்பது, நாற்பது என்று படிப்படியாக ஏறி, அதற்கு மேல் ஸ்லீவ், அதாவது துளைக்குள் புது இரும்புக் குழாய், போடுவார்கள். பழைய லொறி, வான், கார் எல்லாம் அப்படித்தான் ஓடின. அதே கணக்கை அலுமினியம் பிளாக்குக்கும் போடுவதுதான் முதலாவது தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

எங்கள் மேசைக்குக் கீழே, குறுக்காக வெட்டிய பழைய அலுமினியம் பிளாக் ஒன்று கிடக்கிறது. கேட்பவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். வெள்ளை உலோகத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அதுதான் வார்ப்பிரும்பு லைனர். வேர்னியர் வைத்தால் 2 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். அதன் வெளிப்புறம் முள்ளு முள்ளாக இருக்கும். வார்க்கும்போது அலுமினியம் அந்த முள்ளுகளுக்கிடையில் ஓடி இறுகிவிடுகிறது. பிஸ்டன் ஓடுவது இந்த வளையத்துக்குள். போர் அடிக்கும்போது வெட்டுப்படுவதும் இந்த வளையம்தான். நாம் அலுமினியம் பிளாக் என்று சொன்னாலும், எவ்வளவு போகலாம் என்பதை அந்த மெல்லிய இரும்பும் அதற்குப் பின்னால் நிற்கும் அலுமினியமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

110 கொரோலாவின் 5ஏ எஞ்சினில் பிளாக் முழுவதும் வார்ப்பிரும்பு. சுவரில் வெட்டுவதற்கு இடம் உண்டு. 121-இல் வரும் 1என்இசட் எஞ்சின் அலுமினியம். சிலிண்டரின் குறுக்களவு 75 மில்லிமீற்றர். ஒரு சிலிண்டருக்கும் அடுத்ததற்கும் இடையில் இருப்பது 8 மில்லிமீற்றர் மட்டும். அந்த எட்டுக்குள் இரண்டு லைனர்களின் சுவரும், நடுவில் அலுமினியமும் இருக்க வேண்டும். தேய்வு உச்ச அளவைத் தாண்டினால் பிளாக்கையே மாற்றும்படிதான் டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கைநூல் சொல்கிறது. இது ஜப்பான்காரருக்கு மட்டும் உள்ள நிலைமையும் அல்ல. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 வி8 அலுமினியம் பிளாக்கை 0.25 மில்லிமீற்றருக்கு மேல் பெருப்பிக்க எஞ்சின் கட்டுபவர்கள் துணிவதில்லை. அதே குடும்பத்தில் வந்த இரும்புப் பிளாக்கை 0.75 வரை தயங்காமல் வெட்டுகிறார்கள்.

வார்க்கும்போதே உள்ளே லைனர் வைத்த கார் பிளாக் என்றால் நான் 0.25-க்கு மேல் போவதில்லை. 0.50 இல்லாமல் துப்புரவாகாது என்ற அளவுக்குத் தேய்ந்திருந்தால், ஸ்லீவ் போடச் சொல்வேன், இல்லாவிட்டால் பிளாக்கை மாற்றச் சொல்வேன். "கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் 0.50 பிஸ்டன் செட் இருக்குதே" என்பார்கள். இருக்கும். கடையில் பிஸ்டன் இருப்பது, உங்கள் பிளாக் அதைத் தாங்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி நம்பி ஒரு பிளாக்கை 0.50 அடித்துக் கொடுத்தேன். முதல் மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் தண்ணீர் குறையத் தொடங்கியது. நான்காம் மாதம் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, மூன்றாம் சிலிண்டரின் மேல் விளிம்பில், தலைமயிர் போல ஒரு வெடிப்பு கீழ்நோக்கி இறங்கியிருந்தது. நகத்தால் தடவினால்தான் தெரிந்தது. அந்த வண்டிக்காரருக்கு அது சோற்றுக்கு உழைக்கும் வண்டி. அந்த வெடிப்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

சுவர் மெலிந்தால் எப்போதும் வெடிக்கும் என்றில்லை. பெரும்பாலும் நடப்பது, சூட்டிலும் அமுக்கத்திலும் லைனர் நெளிந்து வட்டம் கெடுவதுதான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங் சுவரோடு ஒட்டி நிற்காது. புது பிஸ்டன், புது றிங் போட்டும் ஒயில் குடிக்கும் எஞ்சின்களில் சிலவற்றின் கதை இதுதான்.

0.50 ஓவர்சைஸ் என்பது குறுக்களவில் கூடுவது. சுவரில் ஒரு பக்கத்துக்கு 0.25 தான் போகிறது. ஆனால் அந்தப் பாதி இரண்டு பக்கமும் சமமாகப் போவது வெட்டுபவரின் கையில் இருக்கிறது. சிலிண்டர் தேய்வது ஒரே மாதிரியாக அல்ல. பிஸ்டன் சாய்ந்து தள்ளும் பக்கம் கூடுதலாகத் தேயும். அந்தத் தேய்ந்த நடுப்பகுதியை வைத்து மையம் பிடித்தால், துளை ஒரு பக்கமாக நகர்ந்து, ஏற்கெனவே மெலிந்த சுவர் இன்னும் மெலியும். றிங் ஓடாத அடிப்பகுதியில் மையம் பிடியுங்கள்.

இனி எங்கள் ஊர்களுக்கே உரிய தவறுக்கு வருகிறேன். மட்டக்களப்பிலிருந்து திருக்கோவில் வரை கரையோர ஊர்களில் பல கிணறுகளின் தண்ணீர் சவராக இருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் இன்னும் மோசம். றேடியேற்றர் குறைந்தால் பக்கத்து வளவுக் கிணற்றில் ஒரு போத்தல் பிடித்து ஊற்றிவிடுகிறோம். இரும்புப் பிளாக் துருப்பிடித்தாலும் சுவர் தடிப்பு, வருடக்கணக்கில் தாங்கியது. அலுமினியம் வேறு. அதன் மேலிருக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படைதான் அதற்குக் காவல். உப்பு அந்தப் படையைக் குத்தி உடைக்கும். உடைந்த இடத்தில் குழி விழும். குழி உள்நோக்கிப் போகும். சிலிண்டருக்குள் விரல் விட்டுப் பார்த்தால் கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும். பின்பக்கம், தண்ணீர் ஓடும் வழியில், கறையான் அரித்த பலகை மாதிரி இருக்கும்.

போர் அடிப்பவர் முன்பக்கத்தை அளக்கிறார், பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை. காக்காவின் பிளாக்கில் நடந்ததும் இதுதான். தண்ணீர் வழியில் டோர்ச் அடித்தபோது, வெள்ளை மாவு போல உப்பு படிந்திருந்தது. கம்பித் தூரிகையால் சுரண்டியதும் குழிகள் தெரிந்தன. ஒன்றில் ஸ்குரூட்றைவர் நுனி இறங்கியது. அந்தப் பிளாக்கை நான் மிசினில் ஏற்றவில்லை. ஆகவே வெட்டுவதற்கு முன் தண்ணீர் வழிகளை நன்றாகக் கழுவி, வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அல்ட்ராசொனிக் தடிப்புமானி இருந்தால் சுற்றிவர பல இடங்களில் வையுங்கள். ஆனால் இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஒலி திரும்பி வருவதால், அது காட்டுவது லைனரின் தடிப்பா முழுச் சுவரின் தடிப்பா என்பதை விளங்கிக்கொண்டு படிக்க வேண்டும். எஞ்சினைப் பூட்டிய பிறகு கூலன்ட் ஊற்றுங்கள். கலக்க வேண்டி வந்தால் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கலவுங்கள், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

படகு மோட்டார்களுக்கு இந்தப் புத்தி சொல்ல முடியாது. அவை கடல் தண்ணீரையே இழுத்துக் குளிர்கின்றன. சாய்ந்தமருது, பாண்டிருப்பு, வாழைச்சேனை எங்கும் ஓடும் யமஹா இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களில் பிளாக் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர். ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் வழக்கம் உண்டு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவாத மோட்டார் என்றால், தண்ணீர் வழி உப்பால் அடைபட்டு, ஒரு சிலிண்டர் மட்டும் சூடேறி இழுத்துப் பிடித்திருக்கும். அந்த அடைப்பை எடுக்காமல் போர் மட்டும் அடித்துக் கொடுத்தால், புதுப் பிஸ்டனும் அதே இடத்தில் பிடிக்கும்.

இரண்டு ஸ்ட்ரோக்கில் இன்னொன்று: போர் அடித்து முடிந்ததும் சுவரிலுள்ள போர்ட்டுகளின், அதாவது காற்றும் புகையும் போய்வரும் துளைகளின், விளிம்பு கத்தி போல நிற்கும். அதைச் சிறிய கல்லாலோ மணல்தாளாலோ மெல்லச் சரித்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. விட்டால், றிங் அந்த விளிம்பில் கொளுவி உடையும். கடலுக்குள் நாலு பேரோடு மோட்டார் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

லைனரே இல்லாத அலுமினியச் சிலிண்டர்களும் வருகின்றன. யமஹா ஆர்15 மோட்டார்சைக்கிளில் சிலிண்டர் முழுக்க அலுமினியம், சுமார் 20 வீதம் சிலிக்கன் கலந்தது. அந்தச் சிலிக்கன் துணிக்கைகள்தான் தேய்வைத் தாங்குகின்றன. வேறு சிலவற்றில் நிக்கல்-சிலிக்கன் காபைட்டு முலாம், ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குகூட வராது. இவற்றைச் சாதாரண போர் மிசினில் ஏற்றினால் முலாம் போய், கீழே மெத்தென்ற அலுமினியம்தான் மிஞ்சும். தெரியாத சிலிண்டர் கைக்கு வந்தால், ஒரு காந்தத்தை உள்சுவரில் வையுங்கள். பச்சென்று ஒட்டினால் இரும்பு லைனர். ஒட்டாவிட்டால், அல்லது லேசாக மட்டும் இழுத்தால், வேலையை நிறுத்துங்கள்.

சரி, போர் அடிக்கத்தான் வேண்டுமா? புகை வந்தால் உடனே போர் என்று முடிவெடுப்பது பெரிய வீண்செலவு. ஒயில் றிங் கரி பிடித்து இறுகியிருக்கலாம், வால்வு சீல் காய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் பார்த்து, பிறகு ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். கூடினால்தான் றிங், சிலிண்டர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் டயல் போர் கேஜால் மேல், நடு, கீழ் என்று அளந்து, கைநூல் சொல்லும் அளவுக்குள் நின்றால் லேசாக ஹோன் பண்ணி, அதாவது கல்லால் சுவரை உரசி, புது றிங் போட்டால் போதும். வலு கூடும் என்று வெட்டச் சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 75 மில்லிமீற்றரை 75.5 ஆக்கினால் 1497 சிசி எஞ்சின் 1517 ஆகும். 20 சிசி. அதற்காகச் சுவரைக் கொடுக்கக் கூடாது.

ஸ்லீவ் போடுவதிலும் இரும்புப் பழக்கம் கெடுக்கிறது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 80 மில்லிமீற்றர் துளை 70 பாகை சூடேறினால் அலுமினியம் 0.13 மில்லிமீற்றர் அளவில் விரியும், இரும்பு 0.06 தான். இடையில் 0.07 போகிறது. குளிரில் இறுகி நின்ற ஸ்லீவ், எஞ்சின் சூடானதும் தளரும், கீழே இறங்கும், ஹெட் கேஸ்கட் போகும். ஆகவே இறுக்கம் அந்த 0.07-ஐத் தாண்டி இருக்க வேண்டும். அந்த இறுக்கத்தில் சம்மட்டியால் அடித்து இறக்க முடியாது. பிளாக்கைச் சீராகச் சூடாக்கி, ஸ்லீவைக் குளிரவைத்து, ஒரே மூச்சில் இறக்க வேண்டும். அடியில் ஸ்லீவ் உட்கார ஒரு படி விட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பிளாக்கைக் கொடுக்கும்போது பிஸ்டனையும் கையோடு கொடுங்கள். பெட்டியில் எழுதிய அளவுக்கு வெட்டிவிட்டுப் பிஸ்டனுக்குக் காத்திருப்பது தலைகீழ் வேலை. ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரை முடிக்க வேண்டும். வெயிலில் கிடந்த பிளாக்கை அப்படியே அளக்கவும் விடாதீர்கள். 75 மில்லிமீற்றர் அலுமினியம் 15 பாகை ஏறினாலே 0.026 விரியும். உள்ளே இருக்கும் லைனர் இழுத்துப் பிடித்தாலும் அளவு ஆடும். நாங்கள் பிளாக்கையும் பிஸ்டனையும் மைக்ரோமீற்றரையும் முதல் நாள் பின்னேரமே ஒரே மேசையில் வைத்துவிடுவோம். விடியப்புறம், வெயில் ஏற முன், அளப்போம்.