வாதக் கட்டுரையைப் பகுத்தாயக் கற்பித்தல்

வாதக் கட்டுரை வாசகரை இணங்கவைக்கக் கையாளும் உத்திகளின் பெயர்ப்பட்டியலோடு பாடத்தைத் தொடங்க வேண்டாம். முதலில் ஒரு பக்கத்துக்கு மிகாத தலையங்கம் ஒன்றைக் கொடுத்து, எழுதியவர் நம்மை எதை நம்பச் சொல்கிறார் என்பதை ஒவ்வொரு மாணவரும் ஒரே வாக்கியத்தில் எழுதும்படி செய்யுங்கள்; மையக் கருத்து பிடிபடாத நிலையில் உத்திகளைத் தேடுவது வெறும் அடிக்கோடிடும் வேலையாகவே முடியும்.

அடுத்து, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் வகுத்த, பிறரை இணங்கவைக்கும் மூன்று வழிகளான பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் ஆகியவற்றை விளக்கி, அவற்றை மூன்று நிறங்களில் குறிக்கச் சொல்லலாம். ஒரே வாக்கியம் இரண்டு நிறங்களைப் பெறுவது பிழையன்று. நல்ல விவாதம் அங்கேதான் பிறக்கிறது.

என் கருத்தில் மிகுந்த பயன் தருவது சொல்மாற்றுப் பயிற்சியாகும். "கட்டணம் உயர்ந்தது", "கட்டணச் சுமை ஏற்றப்பட்டது" என்ற இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, செய்தி ஒன்றாக இருந்தும் வாசகரின் மனநிலை ஏன் மாறுகிறது என்று கேளுங்கள். "சுமை" என்ற சொல் காரணம் எதுவும் காட்டாமலேயே தீர்ப்பு வழங்கிவிடுவதையும், "ஏற்றப்பட்டது" என்ற செயப்பாட்டு வினை யாரோ ஒருவர்மீது பழியைச் சாய்த்துவிட்டு அவர் யார் என்பதை மறைப்பதையும் மாணவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

பிறகு, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்குக் கட்டுரை விடை தருகிறதா, அதைத் தொடாமலேயே நகர்கிறதா என்று தேடச் செய்யுங்கள். மதிப்பிடும்போது உத்தியின் பெயருக்கு மட்டும் மதிப்பெண் தராமல், மேற்கோள் காட்டி அதன் விளைவை விளக்கிய விடைக்கே முழு மதிப்பெண் அளியுங்கள்.