ஏ-9 வீதியால் ஊர் செல்வோருக்கு

கொழும்பில் இரவுப் பேருந்தில் ஏறி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, விடிகாலையில் யாழ்ப்பாணத்தில் இறங்குவோர், வவுனியாவுக்கு வடக்கே உள்ள அத்தனை ஊர்களையும் உறக்கத்திலேயே கடந்துவிடுகின்றனர். போரால் 1990இல் மூடப்பட்டு, 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடப்பட்ட வீதி இது. ஓமந்தை, முகமாலைச் சோதனைச்சாவடிகளில் பொதிகளை அவிழ்த்துக் காட்டியவர்களுக்கு இதில் உறக்கம் வருவது ஆச்சரியமே. பகலில் போங்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்குங்கள். ஆனையிறவில் உப்பளத்தைப் பாருங்கள். 2000 ஏப்ரலிலும் 2009 ஜனவரியிலும் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே கைமாறிய நிலம் அது. முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வீதியை விட்டு இறங்காதீர்கள்.

காணி அலுவல் இருந்தால் நிலைமை வேறு. வீதியோர ஊர் ஒன்றின் அலுவலகத்தில் பாட்டனாரின் காணி உறுதிக்குப் பிரதி கேட்டேன். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், முடித்த ஆண்டு ஆகிய மூன்றும் கையில் இருந்தும், கிராம சேவையாளரின் கடிதம் வேண்டும் என்றனர். கடிதத்துடன் போனபோது, காணியில் இப்போது இருப்பவரின் சம்மதமும் வேண்டும் என்றனர். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, எழுதுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நீங்கள் எப்ப வெளிக்கிட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். படிவத்தில் அப்படியொரு கூடு இல்லை.

காணியில் இருப்பவர் சின்னம்மா. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பற்றைக் காட்டை வெட்டி, ஆண்டுதோறும் கிடுகு வேலி அடைத்தவர். "வேலி அடைச்சதுக்கு ஒரு துண்டும் ஒருத்தரும் கேக்கேல்லை, தம்பி. பாதியை எனக்கு எழுதித்தா" என்றார். பத்து ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிராக, தடையின்றிக் காணியை ஆண்டு வந்தவர் நீதிமன்றத்தில் உரித்துக் கோர இந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு என்பது அவருக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. தெரிந்தும் என்னிடம் கேட்டார் என்பதுதான் எனக்குச் சங்கடம்.

ஆகவே, வாடகை வாகனத்தை வாசலில் நிறுத்திவிட்டு, போகிற வழியில் முடித்துவிடலாம் என்று காணி அலுவலுக்கு இறங்காதீர்கள். முதலில் காணியில் இருப்பவரின் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடியுங்கள். அலுவலகம் மறுநாளும் அங்கேதான் இருக்கும். பேச்சு முடியும் வரை கொழும்புப் பேருந்துக்கு ஆசனம் பதிய வேண்டாம்.